பெயிண்ட் பக்கெட்டில் வந்த பெருமாள்

எங்கள் ஏரிக்கு அந்த மீன் எப்படி வந்தது என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். வெள்ளத்தில் வந்தது என்கிறார்கள் சிலர். கம்பெனிக்காரன் லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டான் என்கிறார்கள் சிலர். போன மாதம் காலேஜ் பிள்ளைகள் இரண்டு பேர் கரையில் நின்று போட்டோ எடுத்துவிட்டு, பறவைகளின் காலில் முட்டை ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். பறவையாவது, காலாவது! அது வந்தது ஒரு பெயிண்ட் பக்கெட்டில். மூடியில் ஆணியால் ஓட்டை குத்தி, கம்பெனி பஸ்ஸில், சித்தப்பாவின் இரண்டு காலுக்கும் நடுவில் சொகுசாக உட்கார்ந்து வந்தது. வந்த அன்றே அதற்குக் கற்பூரமும் காட்டினார்கள். இதை அந்தப் பிள்ளைகளிடம் எந்த வாயால் சொல்வது? பேசாமல் வந்துவிட்டேன்.

எங்கள் ஊர் வல்லம் வடகாலுக்கும் பிள்ளைப்பாக்கத்துக்கும் நடுவில், நான்கு பக்கமும் கம்பெனிச் சுவர் எழும்பிய பிறகு மிஞ்சிப்போன ஊர்களில் ஒன்று. நிலம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் போனதும் அப்பா ஒரு கம்பெனியில் லைன் வேலைக்குப் போனார். சித்தப்பா இன்னொரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங்கில் சேர்ந்தார். பெரியப்பா மட்டும் எங்கும் போகவில்லை. சித்தப்பாவின் கம்பெனியிலேயே அவருக்குச் செக்யூரிட்டி வேலை ஒன்று தயாராக இருந்தது. "போறவன் வர்றவனுக்கெல்லாம் சலாம் போட்டுகினு நிக்கிறதுக்கா எங்கம்மா என்னப் பெத்தா? எனக்கு வோணாம்பா" என்று சொல்லிவிட்டு, ஒரு வலையை வாங்கிக்கொண்டு ஏரியில் இறங்கிவிட்டார். அந்த யூனிஃபார்ம் தன் உடம்பில் ஏறக்கூடாது என்பதுதான் அவர் வாழ்க்கையில் வைத்துக்கொண்டிருந்த ஒரே கொள்கை. கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை.

அவர் பெரிய மீன்பிடிகாரர் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் வம்சத்தில் யாரும் வலை பிடித்ததில்லை. முதல் வருஷம் அவர் வலையில் மாட்டியதில் பாதி செருப்பு. ஆனால் மனிதர் விடாக்கண்டர். கம்பெனியில் மெஷின் வரும் பெட்டிக்குள் வைக்கிற தெர்மாகோல் பலகைகளைச் சித்தப்பாவைக் கொண்டுவரச் சொல்லி, அவற்றை அடுக்கி, யூரியா சாக்கில் போட்டுத் தைத்து, ஒரு தெப்பம் செய்துகொண்டார். அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போவார். சாயங்காலம் வலையைக் கட்டிவிட்டு வருவார், விடிந்ததும் போய் எடுப்பார். ஷிப்ட் விடுகிற நேரத்தில் கூட்டுரோட்டில் தட்டை வைத்தால் ஜிலேபி மீனும் கெண்டையும் நிமிஷமாகப் போய்விடும். வாங்குகிறவர்கள் எல்லாம் ரூமெடுத்துத் தங்கியிருக்கும் தெற்கத்திப் பையன்கள்.

ஒரே தொல்லை ஆகாயத்தாமரை. ஏரியின் பாதியை அது விழுங்கியிருந்தது. வலை கட்ட ஓர் இடத்தைச் சுத்தம் செய்தால் அடுத்த வாரம் அந்த இடம் மூடியிருக்கும். பஞ்சாயத்தில் ஒரு தடவை ஜேசிபி கொண்டுவந்து அள்ளினார்கள். அள்ளியதைக் கரையின் உள்பக்கமே குவித்து, அதற்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மழை வந்ததும் குவியல் மொத்தமும் சறுக்கிக்கொண்டு ஏரிக்கே திரும்பியது. ஊதாப் பூவெல்லாம் பூத்துப் பார்க்க அழகாகவே இருந்தது, அதுவேறு வயிற்றெரிச்சல். அது வெளிநாட்டுச் செடி என்று பின்னால் பள்ளிக்கூடத்தில் படித்தேன். பெரியப்பா பிடித்த ஜிலேபியும் வெளிநாடாம், கரையை அடைத்திருந்த காட்டாமணக்கும் வெளிநாடாம். அந்தக் கணக்கில் பார்த்தால் ஏரியில் உள்ளூர்க்காரர் என்று இருந்தவர் பெரியப்பா ஒருவர்தான்.

நான் நான்காவது படிக்கும்போது சித்தப்பாவின் கம்பெனிக்குப் புது மேனேஜர் வந்தார். வரவேற்பு ஹாலில் இருந்த கண்ணாடி மீன்தொட்டி வாஸ்துப்படி தப்பான மூலையில் இருக்கிறது, உடனே எடுக்க வேண்டும் என்றார். கலர் மீன்களை ஆபீஸ்காரர்கள் போட்டிபோட்டுக்கொண்டு எடுத்துப் போய்விட்டார்கள். அடியில் கிடந்த ஆறு கறுப்பு மீன்களை யாரும் சீண்டவில்லை. 'எங்கேயாவது போடு' என்று சித்தப்பா தலையில் கட்டினார்கள். சித்தப்பா எதையும் வீணாக்க மாட்டார். கம்பெனியில் தூக்கிப் போடுகிற எந்தப் பொருளும் எங்கள் வீட்டுக்கு வந்துதான் பிறகு குப்பைக்குப் போகும்.

பக்கெட் மூடியைத் திறந்ததும் பெரியப்பா முகத்தைச் சுளித்தார். முழங்கை நீளத்தில், உடம்பெல்லாம் ஓடு போட்டது போல, வாயை அடிப்பக்கம் வைத்துக்கொண்டு ஆறில் பெரியது ஒன்று பக்கெட்டின் சுவரில் ஒட்டியிருந்தது, மற்றவை சின்னதாக அடியில் கிடந்தன.

"இன்னாடா இது? ஓணானாட்டம் கீது."

"இதுக்குப் பேரு டேங்க் கிளீனர்ண்ணா" என்றார் சித்தப்பா. "கண்ணாடில ஒட்டிகினு பாசி மொத்தமும் துன்னுடும். நான் அந்தத் தொட்டிய ஒரு நாளு கழுவுனதில்ல. ஏரில உட்டுப் பாரு, உன் ஆகாயத்தாமரை எல்லாத்தையும் கிளீன் பண்ணிடும்."

"பாசி துன்றது செடிய எப்பிட்றா துன்னும்?"

"பசிச்சா துன்னும்."

பெரியப்பா அந்தப் பேச்சை நம்பவில்லை. குழம்புக்கும் ஆகாது, விற்கவும் முடியாது, அடித்து நாய்க்குப் போடலாம் என்று கட்டையைத் தேடினார். அவர் பேச்சு அன்று எடுபட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அது புரட்டாசி மாதம், அதிலும் சனிக்கிழமை, அதிலும் அத்தை வீட்டில் இருந்த நேரம்.

அத்தை என்றால் அப்பா, சித்தப்பா, பெரியப்பா எல்லாருக்கும் அக்கா. வாழ்க்கைப்பட்டது அடுத்த தெருவில், ஆட்சி நடத்தியது எங்கள் வீட்டில். யார் பேச்சுக்கும் மசியாத பெரியப்பா அவள் குரல் கேட்டால் லுங்கியை இறக்கிவிட்டுக்கொள்வார். புரட்டாசி பிறந்தால் எங்கள் வீட்டுக்குள் முட்டை என்ற வார்த்தைகூட வரக்கூடாது. பெரியப்பாவின் பிழைப்புக்காக மட்டும் ஒரு சலுகை கொடுத்திருந்தாள்: மீனை ஏரியிலிருந்து நேராகக் கூட்டுரோட்டுக்குக் கொண்டுபோகலாம், வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது.

"பொரட்டாசி சனிக்கெழம அதுவுமா வூட்டுல உசுர எடுக்கப் போறியா?" என்று கத்திக்கொண்டு வந்தவள் பக்கெட்டுக்குள் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. பிறகு இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி "கோவிந்தா!" என்று ஒரு சத்தம் போட்டாள். எதிர் வீட்டு மாடு மிரண்டது.

மீனின் தலையில் வெளிர் நிறத்தில் மூன்று கோடு இருந்தது. இருந்தது வாஸ்தவம், நானும் பார்த்தேன். அந்த ஜாதி மீனுக்கு உடம்பெல்லாமே கோடும் புள்ளியும்தான், எங்கே வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் பார்க்கலாம். அத்தை நாமத்தைப் பார்த்தாள். பெருமாள் மச்சாவதாரம் எடுத்துப் புரட்டாசி சனிக்கிழமை நம் வீடு தேடி வந்திருக்கிறார், அவரை அடிக்கக் கட்டை தேடுகிறான் பாவி என்று அழவே ஆரம்பித்துவிட்டாள். கால் மணி நேரத்தில் தெரு கூடிவிட்டது. பஜனைக் கோயில்காரர் வந்து பார்த்து, அது தென்கலை நாமம் என்று தீர்ப்புச் சொன்னார். இல்லை, வடகலை என்று இன்னொருவர் சொல்ல, பக்கெட்டைச் சுற்றி ஒரு தகராறு நடந்தது. இது மீன்தானா, எங்கிருந்து வந்தது, ஏரியில் விட்டால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்க வேண்டுமே! இன்றைக்கு நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பக்கெட்டில் துளசி போட்டு, பால் விட்டு, மேளம் இல்லாத குறையாக ஏரிக்குக் கொண்டுபோனோம். தெப்பம் வைத்திருந்தவர் பெரியப்பா ஒருவர்தான் என்பதால் பெருமாளை நடு ஏரியில் எழுந்தருளச் செய்கிற வேலை அவர் தலையில் விழுந்தது. முணுமுணுத்துக்கொண்டே போய், பக்கெட்டைக் கவிழ்த்துவிட்டு, உடனே திரும்பிக் கரைக்கு வந்தார். "சாமிக்கு முதுகக் காட்டிகினு வரான் பாரு, அறிவு கெட்டவன்" என்று அத்தை ஊருக்கு முன்னால் திட்டினாள். சன்னிதியிலிருந்து வெளியே வருகிறபோது எப்படி வர வேண்டும் என்று எங்களுக்கெல்லாம் காட்டுவதற்காக, கும்பிட்ட கையோடு ஏரியைப் பார்த்தபடியே பின்பக்கமாகக் கரை ஏறினாள். நான்காவது அடியில் காட்டாமணக்குப் புதரில் மல்லாக்க விழுந்தாள். நான் சிரித்ததற்கு எனக்கு ஒரு குட்டு விழுந்தது. சாமிக்கு முதுகு காட்டக் கூடாது என்பது அன்றோடு என் மண்டையில் நன்றாக ஏறிவிட்டது.

இரண்டு மழைக்காலம் போனது. ஆகாயத்தாமரையில் ஓர் இலையைக்கூடப் பெருமாள் தொடவில்லை. சித்தப்பாவைக் கேட்டால், "மழ வரட்டும்ண்ணா, அப்பறம் பாரு" என்பார். மழை வந்து போனால், "வெயிலு வரட்டும்" என்பார். அதற்குள் ஏரியில் அந்த மீன் ஆயிரக்கணக்கில் ஆகிவிட்டது. கரையின் அடியில் கை நுழைகிற அளவுக்குப் பொந்து பொந்தாகத் தோண்டி வைத்தது. பெரியப்பாவின் வலையில் ஜிலேபி ஒன்று மாட்டினால் இது பத்து மாட்டியது. அதன் துடுப்பில் முள் இருக்கும். வலைக்குள் வந்ததும் அதை விறைத்துக்கொள்ளும், பிறகு எந்தப் பக்கம் இழுத்தாலும் வராது. ஒரு மீனை எடுப்பதற்குள் வலையில் நான்கு கண்ணி அறுந்திருக்கும். பெரியப்பா காலையில் கரையேறும்போது போடுகிற வசவு தெருமுனை வரை கேட்கும். அம்மா என் காதைப் பொத்துவாள்.

விற்றுப் பார்ப்போம் என்று கூட்டுரோட்டில் நான்கைந்தை வைத்தார். திருநெல்வேலிப் பையன் ஒருவன் ஆசையாக வாங்கிப் போய் அரை மணி நேரத்தில் திருப்பிக் கொண்டுவந்தான். "அண்ணாச்சி, கத்தியே எறங்க மாட்டேங்கு. மண்ட பூரா எலும்புல்லா இருக்கு, இத என்னத்தச் செய்ய?" என்றான். அவன் கொண்டுவந்த மீன் அப்போதும் உயிரோடு இருந்தது. அதுதான் அந்த மீனின் இன்னொரு விசேஷம், தண்ணீர் இல்லாமலும் லேசில் சாகாது. பெரியப்பா ஒரு நாள் ஆத்திரத்தில் ஏழெட்டைக் கரையில் வெயிலில் வீசிவிட்டு வந்தார். சாயங்காலம் அத்தை போய்ப் பார்த்தால் எல்லாம் வாயைத் திறந்து மூடிக்கொண்டு கிடந்தன. அப்புறம் கேட்க வேண்டுமா? பெருமாளுக்குச் சாவு ஏது என்று ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. அன்றிலிருந்து அந்த மீனைக் கரையில் போடவும் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது.

நான் ஆறாவது வந்த வருஷம் பெரியப்பா பழைய வலைகளைத் தூக்கி எறிந்துவிட்டுக் கெட்டி நூலில் புது வலை ஒன்று வாங்கி வந்தார். முற்றத்தில் உட்கார்ந்து அதற்கு மிதவை கட்டியபோது நான் பக்கத்தில் இருந்தேன். "இதுவும் போச்சுன்னா கேட்டுதான், வேற வழி இல்ல" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா காபி டம்ளரை அவர் பக்கத்தில் வைத்தாள். கேட்டு என்றால் எந்தக் கம்பெனியின் கேட்டு என்று எனக்கும் தெரியும். அது ஏன் அவ்வளவு மெதுவாகச் சொல்ல வேண்டிய விஷயம் என்றுதான் தெரியவில்லை.

அந்தப் புரட்டாசியின் கடைசிச் சனிக்கிழமை எங்கள் வீட்டில் தளிகை. வாழையிலையில் சர்க்கரைப் பொங்கலும் புளியோதரையும் மலை மாதிரி குவித்து, மாவிளக்கு ஏற்றி, தெருவே வந்து உட்கார்ந்திருந்தது. அத்தை மடிசார் கட்டாத குறைதான். கற்பூரம் ஏற்றப் போகும் நேரத்தில் பெரியப்பா சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். தோளில் புது வலை முழுவதும் ஒரே உருண்டையாக இருந்தது. அதை முற்றத்தில், எல்லாருக்கும் நடுவில், தொப்பென்று போட்டார். உருண்டைக்குள் கறுப்புக் கறுப்பாக அந்த மீன்கள் விறைத்துக்கொண்டு நின்றன. ஜிலேபி மருந்துக்குக்கூட ஒன்று இல்லை.

"இந்தா, உன் பெருமாளுங்க" என்றார் அத்தையிடம். "எல்லாத் தலைலயும் நாமம் கீது. எத்தினி பேருக்குத் தளிக போடுவ, போடு."

அத்தை திட்டுவாள் என்று நான் சுவரோரம் ஒதுங்கினேன். அவள் திட்டவில்லை. செம்புத் தண்ணீரை எடுத்து வலையின்மேல் தெளித்தாள். "பெருமாளு மூச்சு முட்டிகினு கீறாரு, சீக்கிரம் வெளிய எடுங்கடா" என்றாள்.

நான்கு பேர் எழுந்து போய் இழுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. பெரியப்பாவின் குரல் அப்போதுதான் மாறியது. "யக்கா, நான் வெளாட்டுக்குச் சொல்ட்டேன். வலைல கைய வெக்காதீங்க. ரெண்டு நாளு உடு, நானே உக்காந்து ஒண்ணொண்ணா சிக்கு எடுத்துடறேன். இதுங்க தண்ணி இல்லாட்டியும் சாவாது, உனக்கே தெரியும்."

"ரெண்டு நாளா? பெருமாள ரெண்டு நாளு வலைல போட்டு வெப்பியா? உனக்கு வல பெருசாப் பூட்சா?"

சித்தப்பா தன் பேண்ட் பாக்கெட்டிலிருந்து கட்டரை எடுத்தார். கம்பெனியில் அட்டைப்பெட்டி கிழிக்கிற கட்டர், தூக்கிப் போட இருந்ததைக் கொண்டுவந்து வைத்திருந்தார். அண்ணன் முகத்தைப் பார்க்காமல் குனிந்து உட்கார்ந்து முதல் கண்ணியை அறுத்தார். அப்புறம் ஆளுக்கொரு பக்கம் அறுத்தார்கள், அரிவாள்மனை வந்தது, தேங்காய் உடைக்கிற கத்தி வந்தது. மீன் ஒவ்வொன்றாக வெளியே வர வர "கோவிந்தா! கோவிந்தா!" என்று ஊர் முழங்கியது. நானும் தொண்டை கிழியக் கத்தினேன். மீன்களுக்கு ஒரு கீறல் இல்லை. அண்டாவில் போட்டு, பாட்டுப் பாடிக்கொண்டு, ஏரிக்கே கொண்டுபோய் விட்டார்கள்.

பெரியப்பா முற்றத்துத் தண்ணித்தொட்டிப் படியில் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்தவர்களில் யாரோ அவர் கையில் சர்க்கரைப் பொங்கல் இலையைத் திணித்தார்கள். அதை மெதுவாகச் சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிக்கொண்டு, முற்றத்தில் கிடந்த நூல் துண்டுகளைக் கூட்டி அள்ளினார். எனக்கு அவர்மேல் கொஞ்சம் வருத்தம்தான். இவ்வளவு பெரிய விசேஷத்தில் அவர் ஒரு கோவிந்தாகூடப் போடவில்லையே என்று.

திங்கட்கிழமை சித்தப்பாவோடு கம்பெனி பஸ் ஏறினார். அந்த வாரமே நீலச் சட்டை, தொப்பி, விசில் எல்லாம் வந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு தெரு முழுக்கச் சுற்றினேன், விசிலை ஊதி எல்லார் தூக்கத்தையும் கெடுத்தேன். "பாத்தியா, பெருமாளு கண்ணத் தொறந்துட்டாரு. ஏரித் தண்ணில ஊறிகினு கெடந்தவன ஆபீசரு மாதிரி ஆக்கிட்டாரு" என்று அத்தை வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். இதைக் கேட்டு ஒருவருக்கும் கோபம் வரவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அப்போது எனக்கும் வரவில்லை, தலையை ஆட்டினேன்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு வரலாம் என்று சித்தப்பாவின் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். பொரியும் சுண்டலும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். சித்தப்பா எங்களை வரவேற்பு ஹாலுக்கு அழைத்துப் போனார். வாஸ்து பார்த்த மேனேஜர் மாறிப் போய்விட்டார். அடுத்து வந்தவருக்கு வாஸ்து வேறு மாதிரி, அதே மூலையில் இன்னும் பெரிய தொட்டியாக வாங்கி வைத்திருந்தார்கள். கலர் மீன்கள் பளபளவென்று ஓடின. கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு கறுப்பாக இரண்டு தொங்கின. தொட்டிக்குப் பக்கத்தில், நீலச் சட்டையும் தொப்பியுமாக, விறைப்பாகப் பெரியப்பா நின்றிருந்தார். கேட்டிலிருந்து அவரை உள்ளே மாற்றிவிட்டார்களாம்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெயில் இல்லை, சேறு இல்லை, ஏசி போட்ட இடம், கால் நனையாமல் நாள் முழுக்க மீன் பக்கத்திலேயே இருக்கிற வேலை. பெரியப்பாவுக்கு மீன் என்றால் எவ்வளவு பிடிக்கும் என்று பெருமாளுக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தொட்டிக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, கறுப்பு மீன் திரும்பட்டும், நாமத்தைப் பார்க்கலாம் என்று கண்ணாடியைத் தட்டினேன்.

"பாப்பா, கண்ணாடியத் தட்டக் கூடாது" என்றார் பெரியப்பா. வீட்டுக் குரல் இல்லை, யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற குரல். அப்போது கதவைத் திறந்துகொண்டு ஒரு சார் உள்ளே வந்தார். பெரியப்பா கையைத் தொப்பிக்குக் கொண்டுபோய்ச் சலாம் வைத்தார். சார் திரும்பிப் பார்க்காமல் போனார். அடுத்து இன்னொருவர் வந்தார், அவருக்கும் வைத்தார்.

நாங்கள் அங்கே இருந்த நேரம் முழுக்க அவர் ஒரு தடவைகூடத் தொட்டிப் பக்கம் திரும்பவில்லை. நாமம் போட்ட மீன் அவர் தோளுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டிருந்தது, அவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலையே பார்த்தபடி நின்றார். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. சாமிக்கு முதுகு காட்டக் கூடாது என்று ஊர் அறிய வாங்கிக் கட்டிக்கொண்டும், இத்தனை வருஷம் ஆகியும் இந்த மனிதருக்கு அது மட்டும் ஏறவே இல்லையே என்று எரிச்சலாகக்கூட இருந்தது. அத்தை காதுக்குப் போனால் கம்பெனி என்றும் பார்க்காமல் திட்டுவாள். பாவம் பெரியப்பா, போகட்டும் என்று பெரிய மனசு பண்ணி, நான் அதை அவளிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன்.